ஏழாம் குழாயின் மூன்று மாதங்கள்

ரோவெல் ரோடு
8 ஜூன் 2025

மாமா,

நலமா என்று கேட்டுத் தொடங்கத்தான் நினைத்தேன். மனம் வரவில்லை.

நாம் இருவரும் போனில் பேசக் கூடாது என்று கம்பெனி வக்கீல் சொல்லிவிட்டார். இருவர் போனையும் வாங்கிப் பிரதியும் எடுத்துக்கொண்டார்கள். கடிதம் எழுதக் கூடாது என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. இந்தக் காலத்தில் எவன் எழுதப்போகிறான் என்று நினைத்திருப்பார்கள். சுரங்கத்திலிருந்து வந்து நான் தங்கியிருக்கும் மாடியறையின் சொந்தக்காரர் வடிவேலு அண்ணனிடம் ஸ்டாம்பு எங்கே கிடைக்கும் என்று கேட்டேன். "என்னா தம்பி, லெட்டரா? வாட்ஸ்அப் போதும்லா!" என்று சிரித்தார்.

விசாரணைக் குழு ஜூலை பதினைந்தாம் தேதி சுரங்கம் இருக்கும் நாட்டிலிருந்து இங்கே சிங்கப்பூருக்கு வருகிறது. குழுவில் சிலருக்குச் சுரங்கத் தொழில் தெரியாதாம். யாருக்கும் புரிகிற மாதிரி எழுதிக்கொண்டு வரச் சொன்னார்கள். எழுதியதை உங்களுக்கும் அனுப்புகிறேன். முதுகில் குத்தினான் என்று நாளைக்கு நீங்கள் சொல்லக் கூடாது.

"எங்கள் சுரங்கத்தில் பாறையை மாவாக அரைத்து, சயனைடு கரைசலால் தங்கத்தைப் பிரித்தெடுக்கிறோம். மிஞ்சுகிற குழம்பை ஒரு குளத்தில் தேக்குகிறோம். குளத்துக்கு மண்கரை. குளம் நிறைய நிறையக் கரையை உயர்த்தவேண்டும். கரைக்குள் தண்ணீர் ஊறி ஏறினால் கரை பலமிழக்கும். அதைக் கண்காணிக்கக் கரையில் ஒன்பது குழாய்கள் இறக்கியிருக்கிறோம். மாதம் ஒருமுறை ஒவ்வொன்றிலும் அளவு டேப்பை இறக்கி, தண்ணீர் எத்தனை மீட்டர் உயரத்தில் நிற்கிறது என்று எழுதுவது களப்பொறியாளரான என் வேலை. சிங்கப்பூரிலிருந்து அந்த எண்களைச் சரிபார்த்துக் கையெழுத்திடுவது ஆய்வுப் பொறியாளர் கோவிந்தராசுவின் வேலை. அவர் என் அக்காள் கணவர். சென்ற நவம்பரில் ஏழாம் குழாய் 14.2 காட்டியது. டிசம்பரில் 15.1. இரண்டையும் அவர் 'கருவிக் கோளாறு' என்று எழுதிச் சிவப்பு மையால் அடித்தார். இந்த ஏப்ரல் பதினாறாம் தேதி, ஏழாம் குழாய் இருந்த இடத்தில்தான் கரை உடைந்தது. கீழே வேலையில் இருந்த பம்ப் இயக்குபவர் ருஸ்லி இறந்துபோனார்."

இதில் ஒரு சொல் பொய்யென்றால் சொல்லுங்கள்.

டிசம்பரில் நீங்கள் போனில் சொன்னதை மட்டும் இதில் எழுதவில்லை. "பக்கத்துக் குழாயெல்லாம் பதிமூணு காட்டுது. உன் ஏழு மட்டும் என்னடா, தனி ராஜ்யமா?" என்றீர்கள். பக்கத்தில் அக்காவும் சிரித்தது கேட்டது. அன்றைக்கு நான் நனைந்த சட்டையோடு நின்றுகொண்டிருந்தேன்.

சுரேந்தர்


புக்கிட் பாஞ்சாங்
14 ஜூன் 2025

சுரேந்தர்,

கடிதம் கிடைத்தது. கீழே தபால்பெட்டியைத் திறந்தது உன் அக்கா. உறையின் மேல் உன் கையெழுத்தைப் பார்த்துவிட்டு, "ஒரே ஊர்ல இருந்துக்கிட்டு ரெண்டு பேருக்கும் எதுக்கு ஸ்டாம்பு? டௌன்டவுன் லைன் ரயில்ல ஏறி உக்காந்தா, எறங்கி மாறக்கூட வேணாம்" என்றாள். சுசீலாவுக்குப் பதில் சொல்லி நான் என்றைக்கு ஜெயித்தேன்?

நீ எழுதியதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. அடித்தது நான்தான். சென்ற செப்டம்பரில் அதே ஏழாம் குழாயில் சேறு அடைத்துக்கொண்டு தாறுமாறாக எண் வந்தது உனக்கே தெரியும். ஒருமுறை ஏமாற்றிய குழாய் என்று மனத்தில் பதிந்துவிட்டது. சூடு கண்ட பூனை. இதைச் சாக்காகச் சொல்லவில்லை. குழுவின் முன்னால் நானே சொல்வேன்.

ருஸ்லியின் மனைவிக்கு எழுத மூன்று தடவை உட்கார்ந்தேன். பெயருக்கு மேல் பேனா நகரவில்லை.

உன்னிடம் ஒன்று கேட்கவேண்டும். கோபப்படாதே, படுவாய் என்று தெரிந்துதான் கேட்கிறேன். உன் வாக்குமூலம் டிசம்பரிலிருந்து ஏப்ரலுக்குத் தாவுகிறது. நடுவில் மூன்று மாதம் இருக்கிறது. ஏழாம் குழாய்க்கு நீ அனுப்பிய எண்கள்: ஜனவரி 13.0, பிப்ரவரி 13.1, மார்ச் 13.0. அந்த மூன்று மாதமும் அங்கே மழை கொட்டித் தீர்த்தது. மற்ற எட்டுக் குழாயும் கொஞ்சமாவது ஏறி இறங்கியிருக்கின்றன. ஏழு மட்டும் அசையவில்லை.

மற்ற எட்டுக்கும் வண்டி போகும். ஏழுக்கு மட்டும் இருநூற்றுப் பதினான்கு படி ஏறவேண்டும். ஏறினாயா?

கோவிந்தராசு


ரோவெல் ரோடு
19 ஜூன் 2025

மாமா,

உங்கள் கடிதம் சட்டைப் பையிலேயே கிடக்கிறது. கிழித்துப் போடலாம் என்றால் அதற்கும் மனமில்லை.

அடித்தவர் நீங்கள், விசாரணை எனக்கா? எண் படிவத்தில் இருக்கிறது. அதன் கீழே என் கையெழுத்து இருக்கிறது. கோளாறு என்று குறி போட்ட குழாயின் எண் கணக்கில் சேராது என்பது நீங்கள் வகுத்த விதிதானே? சேராத எண் பதிமூன்றாக இருந்தால் என்ன, முப்பதாக இருந்தால் என்ன? அதை வைத்து இப்போது என்னைக் கிடுக்கிப்பிடி போடுகிறீர்கள்.

வேலை வாங்கிக் கொடுத்தவர் என்பதால் கேட்கிறீர்களா? எட்டு வருடமாக அந்த ஒரு நன்றிக்கடனைத் தலையில் வைத்துக்கொண்டுதான் நடக்கிறேன். கூட்டத்தில் நீங்கள் என்னைக் கேலி செய்தபோதெல்லாம் மற்றவர்களோடு சேர்ந்து நானும் சிரித்தேன். மச்சினன்தானே, எதையும் தாங்குவான் என்று நினைத்தீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா தேக்கா சந்தைக்கு வந்தாள். மீன்கடையில் நின்றுகொண்டு, மீனைப் பார்க்காமல், "அவரு சரியா சாப்பிடவே மாட்டேங்கிறாருடா" என்றாள். "நல்லது" என்றேன். மீன் வாங்காமலே போய்விட்டாள். அந்த ஒரு சொல்லுக்காக வருத்தப்படுகிறேன். வேறு எதற்கும் இல்லை.

சுரேந்தர்


புக்கிட் பாஞ்சாங்
29 ஜூன் 2025

சுரேந்தர்,

ஒரு வாரமாக இதை எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன். இனியும் தள்ளிப்போட முடியாது.

ஏழாம் குழாயின் மீது கோளாறு என்ற குறி இல்லை. ஜனவரி ஒன்பதாம் தேதி நானே அதை எடுத்துவிட்டேன்.

அன்றைக்குப் பழைய மின்னஞ்சல்களைத் தேடியபோது, அக்டோபரில் குழாயைக் கழுவிச் சோதித்துவிட்டதாக நீ அனுப்பிய குறிப்பு கண்ணில் பட்டது. படம்கூட வைத்திருந்தாய். நான் அதைத் திறந்தே பார்த்ததில்லை. அப்படியானால் நவம்பர் எண் சரி, டிசம்பர் எண்ணும் சரி. கோப்பில் குறியை நீக்கினேன். ஜனவரி எண் வரட்டும், அதுவும் ஏறியிருந்தால் உடனே வேலையை நிறுத்தச் சொல்லலாம் என்று காத்திருந்தேன்.

உனக்கு ஒரு வரி எழுதியிருக்கவேண்டும். எழுதவில்லை. 'நீ சொன்னது சரி, நான் அடித்தது தப்பு' என்று மச்சினனுக்கு எழுத வேண்டுமே என்று கூச்சமாக இருந்தது. பொங்கலுக்கு வருவாய், சாப்பிடும்போது பேச்சோடு பேச்சாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டேன். பொங்கலுக்கு நீ வரவில்லை. கோபத்தில் வரவில்லை என்று இப்போது புரிகிறது.

ஜனவரி எண் வந்தது. 13.0. எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? நிம்மதி. அப்படியானால் நான் அடித்தது சரிதான், குழாய்தான் பொய் சொன்னது என்ற அற்ப நிம்மதி. பிப்ரவரியும் மார்ச்சும் அப்படியே வந்தன. கரையை உயர்த்த வேண்டுமானால் முந்தைய மூன்று மாதம் தண்ணீர் நிலையாக இருந்தது என்று ஆய்வுப் பொறியாளர் கையெழுத்திட வேண்டும், அது அந்த நாட்டுச் சட்டம். மார்ச் இருபத்தேழாம் தேதி, ஏழாம் குழாயை நம்பி, கரையை ஒன்றரை மீட்டர் உயர்த்தக் கையெழுத்திட்டேன். வேலை தொடங்கிப் பன்னிரண்டாம் நாள் கரை போய்விட்டது.

நீ உண்மையாகவே அளந்திருந்தால், அது ஏன் உடைந்தது என்று எனக்குத் தெரியவில்லை. அளக்கவில்லையென்றால் தெரியும்.

நம் சண்டைக்காக இதைக் கேட்கவில்லை. இரண்டாம் குளம் இருக்கிறது. அதே மண், அதே வரைபடம், கீழே எழுபது வீடுகள். 'குழாய்களில் எந்த அறிகுறியும் இல்லை, எதிர்பாராத மழைதான் காரணம்' என்று குழு முடித்துவிட்டால் ஆகஸ்டில் அந்தக் கரையை உயர்த்துவார்கள். கம்பெனி வக்கீலுக்கு அந்த முடிவுதான் பிடித்திருக்கிறது. அதற்கு ஆதாரமாக அவர் கையில் வைத்திருப்பது உன்னுடைய அந்த மூன்று எண்கள்.

மூன்றும் ஒரே மாதிரி இருக்கின்றன என்று மட்டும் குழுவிடம் சொல்வேன், அது என் கடமை. ஏன் என்று நான் சொல்லப்போவதில்லை. அது உன் வாயிலிருந்து வரவேண்டியது.

கோவிந்தராசு


ரோவெல் ரோடு
3 ஜூலை 2025

மாமா,

ஏறவில்லை.

மூன்று மாதமும் ஏறவில்லை. ஜனவரியில் மழை பிடித்துக்கொண்டது. படியெல்லாம் பாசி, அட்டைப்பூச்சி. அதெல்லாம் எனக்குப் புதிதில்லை; அதைவிட மோசமான மழையில் ஏறியிருக்கிறேன். ருஸ்லிதான் வழக்கமாக டேப்பைத் தூக்கிக்கொண்டு கூட வருவார். அன்றைக்கும் பம்ப் கொட்டகை வாசலில் டேப்போடு தயாராக நின்றார். நான் உள்ளே பெஞ்சில் உட்கார்ந்து படிவத்தை எடுத்தேன். "திடாக் நாயிக், பாக்?" என்று கேட்டார். இன்றைக்கு ஏறவில்லையா சார் என்று. தேவையில்லை என்றேன். எப்படியும் அடிக்கப்போகிற எண்ணுக்கு எதற்கு இரண்டு பேர் நனைவது என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். பக்கத்துக் குழாயெல்லாம் பதிமூன்று என்றீர்களே, நீங்கள் கேட்ட எண்ணையே கொடுத்தேன். 13.0. எழுதும்போது சந்தோஷமாக இருந்தது மாமா. உங்களைப் பழிவாங்குகிற மாதிரி. இனி சிரிக்க முடியாது பார் என்று.

பிப்ரவரியில் ருஸ்லி கேட்கவில்லை. சார் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்திருப்பார். மார்ச்சில் டேப்பையே எடுத்துவரவில்லை.

கரை உடைந்தபோது அந்தக் கொட்டகையைத்தான் குழம்பு முதலில் அடித்துக்கொண்டு போனது.

நீங்கள் குறியை எடுத்தது எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு வீராசாமி ரோடு வழியாக எங்கே போகிறோம் என்றே தெரியாமல் நடந்தேன். ஒரு கடைக்காரர் கூப்பிட்டு உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்.

குழுவில் இதைச் சொன்னால் எனக்கு இந்தத் தொழில் இல்லை. அளவைப் பொய்யாக எழுதினவனை எந்தச் சுரங்கமும் வாசலில் சேர்க்காது. படித்தது இது ஒன்றுதான். பயமாக இருக்கிறது மாமா. சொல்வேன் என்று இப்போது எழுதிவிட்டு அங்கே போய் வாயடைத்து நின்றால், அது இன்னொரு பொய் எண் ஆகிவிடும். அதனால் எழுதவில்லை.

சுரேந்தர்


புக்கிட் பாஞ்சாங்
9 ஜூலை 2025

மாப்பிள்ளை,

திட்டுவதற்குத்தான் பேனாவை எடுத்தேன். இரண்டு வரி எழுதியபிறகு பார்த்தால் என்னைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். அந்தத் தாளைப் போட்டுவிட்டு வேறு எடுத்திருக்கிறேன்.

சுசீலாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கேட்டுக்கொண்டே கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கடைசியில், "அவனும் தப்பு, நீங்களும் தப்பு. சரி. செத்தவரு வீட்டு வாசல்ல போயி யாரு நிக்கிறது?" என்று கேட்டாள். டிசம்பரில் போனில் சேர்ந்து சிரித்ததை நினைத்து அவளும் உள்ளுக்குள் குமைகிறாள் என்று நினைக்கிறேன். கேட்டால் சொல்லமாட்டாள்.

உனக்குத் தைரியம் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஒரு வரி எழுதக் கூச்சப்பட்டவன் நான். நடக்கப்போவதை மட்டும் சொல்கிறேன். செவ்வாய்க்கிழமை என் முறை, புதன்கிழமை உன் முறை. நான் முதல் நாளே அடித்த எண்களையும், திறக்காத மின்னஞ்சலையும், சொல்லாமல் எடுத்த குறியையும் சொல்லிவிடுவேன். ஆகவே நீ போகும்போது அந்த அறையில் ஒரு தப்பு ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும். நீ தனியாக இருக்கமாட்டாய்.

எனக்காக எதையும் சொல்லாதே, எனக்காக எதையும் மறைக்காதே. எழுபது வீடுகள் என்பதை மட்டும் நினைத்துக்கொள்.

கோவிந்தராசு


ரோவெல் ரோடு
17 ஜூலை 2025

மாமா,

சொல்லிவிட்டேன்.

ஹோட்டல் கூட்ட அறைதான். நீள மேசை, ஏசி குளிர், ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில். குழுத் தலைவர் ஒரு அம்மா. மூன்று எண்களையும் திரையில் பெரிதாகப் போட்டுவிட்டு, "இவற்றை எப்படி எடுத்தீர்கள்?" என்று கேட்டார். பக்கத்தில் கம்பெனி வக்கீல் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். "எடுக்கவில்லை. உட்கார்ந்து எழுதினேன்" என்றேன். வக்கீல் உருட்டுவதை நிறுத்திவிட்டார்.

பிறகு இரண்டு மணிநேரம் கேட்டார்கள். ருஸ்லி கேட்டதையும் சொன்னேன். அதை மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. அவர்கள் மொழிதான்.

இன்று காலை செய்தி வந்தது. இரண்டாம் குளத்தை உயர்த்தும் அனுமதியை நிறுத்திவைத்துவிட்டார்கள். நீர்மட்டத்தை இறக்கும்வரை கீழே இருக்கிற வீடுகளைக் காலிசெய்யச் சொல்லியிருக்கிறார்கள். அரை மணி நேரம் கழித்துக் கம்பெனியிலிருந்து எனக்கும் கடிதம். வேலை போய்விட்டது. அடுத்த மாதம் நான் சிங்கப்பூரை விட்டுக் கிளம்பவேண்டும். எதிர்பார்த்ததுதான்.

ஒன்றை மட்டும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். கடைசியாக அந்த அம்மா கேட்டார்: "கோவிந்தராசு உங்கள் எண்ணை நம்பத் தொடங்கிவிட்டார் என்று ஜனவரியில் உங்களுக்குத் தெரிந்திருந்தால், ஏறியிருப்பீர்களா?" நான் சொன்னேன், "ஏறியிருக்க மாட்டேன். நான் சோம்பலாகிவிட்டிருந்தேன். அவர் சொல்லியிருந்தாலும் இதுதான் நடந்திருக்கும்." பதிவு செய்துகொண்டார்கள். ஆகவே நீங்கள் எனக்கு எழுதாத அந்த ஒரு வரியைப் பற்றி நீங்கள் இனி யோசிக்கவேண்டாம். நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

சுரேந்தர்


புக்கிட் பாஞ்சாங்
20 ஜூலை 2025

மாப்பிள்ளை,

உன் கடிதத்தைச் சுசீலாதான் வாசித்துக் காட்டினாள். என் கண்ணாடி கையில் இருந்தும் போட்டுக்கொள்ளவில்லை. கடைசிப் பத்தியில் நிறுத்தி, "என் தம்பி பொய் சொல்றான்" என்றாள். "எனக்கும் தெரியும்" என்றேன். மீதியை நானே கண்ணாடி போட்டு வாசித்தேன்.

நவம்பர் எண்ணை அடித்தேன். அடித்தது தெரிந்தும் டிசம்பரில் அந்த மழையில் ஏறினவன் நீ. அடித்தபிறகும் ஏறினவன், நம்புகிறேன் என்று ஒரு சொல் வந்திருந்தால் ஏறாமல் இருப்பானா? சோம்பேறி என்று உன்னை நீயே எழுதிக்கொடுத்துவிட்டு வந்திருக்கிறாய். நான் நிம்மதியாகச் சாப்பிடவேண்டும் என்று. ஜனவரியில் நீ அனுப்பிய பதிமூன்றும் எனக்கு இதே நிம்மதியைத்தான் கொடுத்தது. அதை இன்னொரு தடவை வாங்கிக்கொள்ள என்னால் ஆகாது.

நேற்று குழுத் தலைவருக்கு எழுதிவிட்டேன். அந்தக் கடைசிப் பதில் என்னைக் காப்பாற்றுவதற்காக நீ சொன்னது, அது உண்மையல்ல என்று. உன்னை அவமானப்படுத்த எழுதவில்லை. களத்திலிருந்து வரும் எண்ணை ஏற்றாலும் சரி, அடித்தாலும் சரி, எடுத்தவனுக்கு அன்றைக்கே காரணத்தோடு சொல்லவேண்டும் என்று அவர்கள் ஒரு விதி கொண்டுவர யோசிக்கிறார்கள். உன் பதில் அப்படியே நின்றால், சொன்னாலும் சொல்லாவிட்டாலும் ஒன்றுதான் என்று ஆகிவிடும். அந்த விதி வராது. நாளைக்கு இன்னொரு கரையில் இன்னொருவன் ஏறாமல் உட்கார்ந்துவிடுவான்.

கிளம்புவதற்குள் வீட்டுக்கு வா. உன் அக்கா ருஸ்லியின் ஊருக்குப் போக மூன்று டிக்கெட் பார்த்து வைத்திருக்கிறாள். யார் யார் என்று நான் கேட்கவில்லை.

நீ ஏறியிருப்பாய், சுரேந்தர். ஏறி, பதினைந்துக்கு மேல் பார்த்திருப்பாய். எனக்கு எழுதியிருப்பாய். நான் கையெழுத்திட்டிருக்க மாட்டேன். ருஸ்லி உயிரோடு இருந்திருப்பார். இந்தத் தப்பு என்னுடையது. இதை என்னிடமிருந்து வாங்கிக்கொள்ளாதே.

கோவிந்தராசு